ஆவாரையை வளர்ப்பதா, விட்டுவிடுவதா? பெரம்பலூர், அரியலூர் நிலங்களை முன்வைத்து ஒரு மதிப்பீடு

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் கரம்புகளிலும் ஏரிக்கரைகளிலும் சாலையோரங்களிலும் ஆவாரை யாரும் விதைக்காமலே முளைக்கிறது. யாரும் தண்ணீர் ஊற்றாமலே பூக்கிறது. தை பிறப்பதற்கு முன் காப்புக் கட்டும் வழக்கமுள்ள ஊர்களில் வேப்பிலை, சிறுபீளையோடு அதன் பூங்கொத்தையும் ஒடித்து வருவார்கள். அதற்குமேல் அந்தச் செடியிடம் மனிதருக்கு வேலை இருப்பதாகத் தெரிவதில்லை.

ஆனாலும் ஆவாரையை எப்படி வளர்ப்பது என்ற கேள்விக்கு நூறாண்டுக்கும் மேலாகப் பலர் பதில் சொல்லி வந்திருக்கிறார்கள். தோல் பதனிடுவோர் ஒன்று சொன்னார்கள். நெல் உழவர்கள் வேறொன்று சொன்னார்கள். மருந்துக்குப் பூ சேகரிப்போர், தோட்டம் அமைப்போர், சுரங்க நிலத்தைப் பசுமையாக்குவோர் எல்லோரும் தத்தம் பதிலோடு வந்தார்கள். கிளையை அடியோடு வெட்டு என்கிறது ஓர் அறிவுரை. கத்தியே வைக்காதே என்கிறது இன்னொன்று. இந்தக் கட்டுரை அப்பதில்களை அவை பிறந்த இடத்தோடு சேர்த்து வைத்துப் பார்க்கிறது. செடியின் எந்த உறுப்பு வேண்டும் என்பதில்தான் இவர்கள் பெரும்பாலும் வேறுபடுகிறார்கள் என்பதும், அதைப் பிரித்தறியாமல் ஒருவர் முறையை இன்னொருவர் கடன் வாங்கும்போதே ஆவாரை கைவிடுகிறது என்பதும் இதன் வாதம்.

செடியின் இயல்பு

ஆவாரையின் தாவரவியல் பெயர் சென்னா ஆரிகுலாட்டா. 1753இல் லின்னேயஸ் அதைக் காசியா பேரினத்தில் வைத்தார். பழைய நூல்களில் அப்பெயரே காணப்படும். இந்தியா, இலங்கை, மியான்மர் ஆகிய நாடுகளின் வறண்ட பகுதிகள் அதன் தாயகம். பெரும்பாலும் இடுப்பளவு, மார்பளவு உயரத்தில் நிற்கும். ஈரமும் ஆழமான மண்ணும் வாய்த்தால் ஆளுயரத்தைத் தாண்டும். இலைக்காம்பின் அடியில் காது மடல்போல் விரிந்த செதிலும், தட்டையான தாள் போன்ற காயும் அதை மற்றச் சென்னா இனங்களிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளங்கள். சங்கப் பாடல்களில் ஆவிரை என்ற பெயரில் அது வருகிறது: குறிஞ்சிப்பாட்டின் மலர்ப் பட்டியலிலும், மடலேறும் தலைவன் சூடும் பூவாகவும் இடம்பெற்றிருக்கிறது.

வளர்ப்பைத் தீர்மானிக்கும் இயல்புகள் நான்கு. முதலாவது, முழு வெயில். மர நிழலில் அது மெலிந்து உயர்ந்து, குறைவாகப் பூக்கும். இரண்டாவது, ஆழமாக இறங்கும் ஆணிவேர். கோடையைத் தாங்கும் வலிமையும், பிடுங்கி நட்டால் எளிதில் பிழைக்காத பலவீனமும் அந்த வேரிலிருந்தே வருகின்றன. மூன்றாவது, தண்ணீரை எளிதில் உள்ளே விடாத கடினமான விதையுறை. நான்காவது, பூ. அதில் தேன் இல்லை. மகரந்தமே வண்டுக்குக் கூலி. மகரந்தப்பைகள் நுனித் துளை வழியாக மட்டுமே தூளை விடுவதால், உடலை அதிரவைத்து அதை உதிர்க்கத் தெரிந்த தச்சன் வண்டு போன்ற பெரிய தேனீக்கள் வந்தால்தான் காய் நன்றாகப் பிடிக்கும்.

பரவலான நம்பிக்கை ஒன்றையும் இங்கே திருத்திக்கொள்ள வேண்டும். ஆவாரை அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் அது காற்றிலுள்ள தழைச்சத்தை வேர்முடிச்சுகளில் சேர்த்துவைக்கும் என்று எழுதப்படுவதுண்டு. சென்னா பேரினத்தில் பொதுவாக வேர்முடிச்சுகள் உருவாவதில்லை. ஆவாரைத் தழை மண்ணுக்கு நன்மை செய்யலாம். ஆனால் அந்த நன்மை வேறு வழியில் வருகிறது.

நிலத்தின் இயல்பு

பெரம்பலூர் மாவட்டம் 1995இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்தது. அரியலூர் 2001இல் தனியாகி, அடுத்த ஆண்டே மீண்டும் இணைக்கப்பட்டு, 2007இல் நிலையாகத் தனி மாவட்டமானது. ஆகவே இந்நிலங்களைப் பற்றிய பழைய குறிப்புகளைத் திருச்சி மாவட்டத்தின் பெயரில்தான் தேட வேண்டும்.

இங்கே மண் ஒரே தன்மையானதன்று. பெரம்பலூர்ப் பக்கம் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் கரிசல் பரந்து கிடக்கிறது. செந்துறை, ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரி விளையும் செம்மண். இவற்றுக்கிடையே கிரிட்டேசியக் காலக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல் பாறைகள். சாத்தனூரில் பாதுகாக்கப்படும் ஏறத்தாழ 18 மீட்டர் நீளக் கல்மரமும், அரியலூரைச் சிமெண்ட் நகராக்கிய சுண்ணாம்புச் சுரங்கங்களும் அதே கடலின் எச்சங்கள். தெற்கே கொள்ளிடக் கரையில் வண்டல். ஆண்டு மழை ஏறத்தாழ 900 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களையொட்டிக் கொட்டிவிடுகிறது. பங்குனி முதல் ஆனி வரை நிலம் காய்கிறது.

ஆவாரை செம்மண், கரிசல், சுண்ணாம்பு நிலம் ஆகிய மூவகை மண்ணிலும் தென்படுகிறது. ஆனால் மூன்றும் அதற்கு ஒரே மாதிரியான இடங்கள் அல்ல. செம்மண்ணில் வடிகால் இயல்பாகவே உண்டு. கரிசலில் கார்த்திகை மழைக்குத் தண்ணீர் நின்றுவிடும். கோடையில் மண் பிளந்து வேரை அறுக்கும். சுண்ணாம்பு மிகுந்த காரமண்ணில் பல செடிகள் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் இளம் இலை வெளுத்துப்போகின்றன. அங்கே ஆவாரை நிற்பது அதன் தனிப் பலம்.

முதல் நிலைப்பாடு: தானே வளரும், கைவைக்காதே

மிகப் பழைய நிலைப்பாடு இதுதான். ஆவாரை காட்டுச்செடி, அதைப் பேணுவது வீண்வேலை என்பது கிராமத்துப் பொதுப்புத்தி. ஆடுமாடுகள் பொதுவாக அதை விரும்பி மேய்வதில்லை. வறட்சி அதைக் கொல்வதில்லை. வெட்டினாலும் அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கிறது. ஆவாரை பூத்திருக்க யாரும் சாவதில்லை என்ற பொருளில் வழங்கும் பழமொழி, அந்தப் பூ எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும் என்ற நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது.

அந்த நம்பிக்கைக்கு அடிப்படையாக இருந்தது பொதுநிலம். மேய்ச்சல் புறம்போக்கும் உழாத வரப்போரமும் அகன்ற வண்டிப்பாதையும் இருந்த காலத்தில் ஆவாரையை யாரும் வளர்க்க வேண்டியிருக்கவில்லை. இன்று தரிசில் சீமைக் கருவேலம் அடர்ந்து நிழல் விரிக்கிறது, சாலைகள் அகலமாகின்றன, வயலோரங்களில் களைக்கொல்லி தெளிக்கப்படுகிறது. வெயில் விரும்பும் ஒரு புதரை இவை ஒவ்வொன்றும் நெருக்கக்கூடியவை. கைவைக்காதே என்ற அறிவுரை நன்றாக வேரூன்றிவிட்ட செடிக்குப் பொருந்தும். அடுத்த தலைமுறைச் செடி எங்கே முளைக்கும் என்பதற்கு அதில் பதில் இல்லை.

இரண்டாவது நிலைப்பாடு: பட்டைக்காக வெட்டு

ஆவாரையை முதன்முதலில் வணிகக் கணக்கோடு பார்த்தவர்கள் தோல் பதனிடுவோர். அதன் பட்டையில் ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காடு துவர்ப்பொருள் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னை மாகாணத்திலிருந்து கடல் கடந்து போன, கிழக்கிந்தியத் தோல் என்று பெயர்பெற்ற சரக்கின் முதன்மைத் துவர் ஆவாரம்பட்டைதான். தோல் வெயில் பட்டுச் சிவந்துவிடாமலிருக்கக் கடுக்காய்ச் சாற்றில் முடிப்பது வழக்கம்.

பட்டைக்காரருக்கு வேண்டியது பூவல்ல, தடித்த கிளை. இரண்டு, மூன்று ஆண்டு வயதான கிளையை அடியோடு வெட்டி, பட்டையை உரித்து, மறுதுளிருக்கு விடுவது அவர்கள் முறை. தரையை ஒட்டி வெட்டினால் நேரான தண்டுகள் பல கிளம்பும் என்பதால் இது பட்டைக்கு ஏற்றதே. ஆனால் காய் முற்றும் முன் வெட்டினால் விதை விழாது. நிற்கும் செடியிலேயே சுற்றிலும் உரித்தால் அந்தக் கிளை காய்ந்துவிடும்.

இந்த நிலைப்பாட்டைத் தளரவைத்தது சந்தை. 1903 வாக்கில் பொறியாளர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் பதனிடலைத் தொடங்கினார். தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் மரப் பட்டையும் இறக்குமதியாகி ஆவாரையின் இடத்தைப் பிடித்தது. 1946இல் இந்தியா தென்னாப்பிரிக்காவுடன் வணிகத்தை நிறுத்தியபின், வாட்டிலை நீலகிரியிலும் பழனி மலையிலும் பெருமளவில் நடும் போக்கு வலுத்தது. அந்த வாட்டில் இன்று சோலைப் புல்வெளிகளை விழுங்கும் அயல்தாவரமாகக் கருதப்படுகிறது. சமவெளியின் சொந்தப் புதருக்கு மாற்றாக வந்த ஒரு மரம் மலைக்குச் சுமையானது என்பது, சந்தை விலையை மட்டும் வைத்துச் செடியைத் தேர்ந்தெடுப்பதன் ஆபத்தைக் காட்டுகிறது. ஆனால் இதை வைத்து ஆவாரம்பட்டைத் தொழில் திரும்ப வேண்டும் என்று முடிவுகட்ட இயலாது. பட்டை சேகரிப்புக்கு வேண்டிய கூலியும், குரோம் முறையின் வேகமும் வேறு கணக்குகள்.

மூன்றாவது நிலைப்பாடு: தழையும் பூவும்

நெல் உழவர்களுக்கு ஆவாரை தழையுரம். கொழுஞ்சி, எருக்கு, வேம்பு இவற்றோடு ஆவாரைத் தழையையும் சேற்றில் மிதித்துவிடும் வழக்கம் தமிழகத்தில் பழையது. காரம் ஏறிய நிலத்துக்கு அது ஏற்றது என்ற கருத்தும் உண்டு. வேர்முடிச்சு இல்லாத செடி தழைச்சத்தை எங்கிருந்து கொண்டுவருகிறது? ஆழ்வேர் கீழ்மண்ணிலிருந்து எடுத்ததைத்தான் இலை மேலே கொண்டுவருகிறது என்பது பொருத்தமான விளக்கம். அப்படியானால் கரம்பிலிருந்து வயலுக்குத் தழை கொண்டுபோவது, ஓரிடத்துச் சத்தை இன்னோரிடத்துக்கு மாற்றுவதே. ஒரே கரம்பை ஆண்டுதோறும் வழிப்பதற்கு இது ஓர் எல்லை வைக்கிறது.

சித்த மருத்துவத்தில் வேர், பட்டை, இலை, பூ, விதை எல்லாமே பயன்படுகின்றன. ஆவாரைக் குடிநீர் என்ற கூட்டு மருந்து பெயர்பெற்றது. இலங்கையில் ரணவரா என்ற பெயரில் அதன் பூவை உலர்த்தித் தேநீர்போல் அருந்துகிறார்கள். அண்மைக்காலத்தில் உலர்ந்த ஆவாரம்பூ பொட்டலமாகக் கடைக்கு வந்திருக்கிறது. பூவுக்கு விலை ஏறும்போது பறிப்பும் கூடுகிறது. பூ முழுவதும் பறிக்கப்பட்ட புதரில் காய் இல்லை. அரியலூரின் லாரித்தடங்களை ஒட்டிப் பறித்த பூவில் சிமெண்ட் தூசியும், பருத்திக் காட்டோரப் பூவில் பூச்சிமருந்தும் படிந்திருக்க வாய்ப்புண்டு. மருந்துக்கு என்றால் தூசியற்ற இடத்தில் தனியாக வளர்ப்பதே சரி என்ற வாதத்துக்கு இது வலுச்சேர்க்கிறது.

இங்கே ஆவாரையின் உறவுச்செடியான நிலாவாரையை ஒப்பிடலாம். 19ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமையில் பயிராக நிலைபெற்ற அதற்கு விதையளவு, அறுவடைப் பருவம், ஏற்றுமதித் தரம் எல்லாம் வகுக்கப்பட்டன. கரம்பிலேயே இலவசமாகக் கிடைத்ததால் ஆவாரைக்கு அந்த அக்கறை அதே அளவில் வாய்க்கவில்லை.

நான்காவது நிலைப்பாடு: தோட்டத்துக்குக் கொண்டுவா

தெலங்கானா 2014இல் இதே பூவைத் தங்கேடு என்ற பெயரில் மாநில மலராக அறிவித்தது. பதுக்கம்மா விழாவின் பூவடுக்கில் அது முக்கியமானது. தமிழகத்திலோ, தோட்டத்துக்கு மஞ்சள் புதர் கேட்டால் நாற்றுப்பண்ணையில் முதலில் கைக்கு வருவது தங்க அரளி அல்லது பொன்னரளி.

தங்க அரளி எனப்படும் டெக்கோமா அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. போத்து வைத்தாலும் விதைத்தாலும் எளிதில் வரும், வேகமாகப் பூக்கும், தேன்சிட்டுகளை இழுக்கும். எதிரே வரும் வண்டி விளக்கின் கூச்சத்தை மறைக்க நெடுஞ்சாலை நடுத்திட்டில் பூப்புதர் நடும் முறையில் அதுவும் அரளியும் பரவலாகின. 2015இல் வந்த பசுமை நெடுஞ்சாலைக் கொள்கையும் சாலையோர நடவை ஊக்குவித்தது. தங்க அரளியின் பலவீனம் சிறகுள்ள விதை. காற்றில் பறந்து பரவக்கூடிய அச்செடி தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் களையாகிவிட்டது. பொன்னரளியின் பலவீனம் நஞ்சு: அதன் எல்லாப் பகுதிகளும், குறிப்பாக விதை, இதயத்தைத் தாக்கும் பொருளைக் கொண்டவை. வாங்குபவர் இலையைப் பார்த்துப் பிரித்தறியலாம். தங்க அரளிக்கு ஓரம் பல்போல் வெட்டுண்ட கூட்டிலை. பொன்னரளிக்கு ஒடித்தால் பால் வடியும் ஒடுங்கிய தனியிலை. குழந்தைகள் விளையாடும் பள்ளித் தோட்டத்துக்குப் பொன்னரளியைத் தவிர்ப்பதே நல்லது.

ஆவாரைக்கு ஆதரவாகச் சொல்லப்படுவது, அது மண்ணுக்குச் சொந்தம் என்பது. தமிழக அரசு 2022இல் அயல்படரித் தாவரங்களை அகற்றுவதற்கான கொள்கை ஒன்றை வெளியிட்ட சூழலில் இந்த வாதம் எடுபடுகிறது. நீலகிரிப் பகுதிக் காடுகளில் பரவிய மஞ்சள் பூச் சென்னா இனமொன்று அக்கொள்கை பேசும் சிக்கலுக்கு முக்கிய எடுத்துக்காட்டு. எல்லாச் சென்னாவும் நம்முடையதல்ல என்பதையும் அது நினைவூட்டுகிறது. எதிர்வாதமும் எளிதில் தள்ளத்தக்கதல்ல. விதை மெதுவாக முளைக்கும்; நாற்று இடம்மாற்றத்தைத் தாங்காது; புதர் ஒழுங்கான வடிவில் நிற்காது; பூக்காத மாதங்களில் காய்ந்த காய்கள் தொங்கி அழுக்காகத் தெரியும். இவற்றில் முதல் இரண்டும் நாற்றுப் பண்ணையின் சிக்கல்கள்; தீர்க்கக்கூடியவை. பின்னிரண்டும் ரசனை சார்ந்தவை.

ஐந்தாவது நிலைப்பாடு: சுரங்க மண்ணை மீட்க நடு

2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், சுரங்கம் தோண்டி முடித்த நிலத்தில் மீண்டும் புல் வளர்த்து மேய்ச்சலுக்கு ஏற்றதாக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் குத்தகைகளில் சேர்க்கும்படி உத்தரவிட்டது. சுண்ணாம்புச் சுரங்கங்கள் நிறைந்த அரியலூருக்கு இது நேரடியாகப் பொருந்தும். கழிவுமேட்டில் எதை நடுவது என்ற கேள்வியில் ஆவாரையின் பெயர் இயல்பாக எழுகிறது: வறட்சி தாங்கும், காரமண்ணைப் பொறுக்கும், சரிவைப் பிடித்து நிறுத்தும், ஆடு அதிகம் கடிக்காது.

ஆனால் இதே பண்புகள் நிபந்தனையின் நோக்கத்தோடு மோதுகின்றன. மேய்ச்சல் நிலமாக்க வேண்டும் என்றால், ஆடு தின்னாத புதர் அடர்வது தடை. மேட்டின் செங்குத்தான சரிவுகளுக்கு ஆவாரை, சமதளத்துக்குப் புல் என்று பிரிப்பது நியாயமான இடைவழி. கல்லும் தூளுமான மேட்டில் ஆணிவேர் இறங்க எவ்வளவு மேல்மண் போதும் என்பது ஒவ்வொரு மேட்டிலும் சோதித்து அறிய வேண்டியது.

நடைமுறையில் ஒத்துப்போகும் இடங்கள்

நோக்கம் எதுவானாலும் சில செய்முறைகளில் கருத்து வேறுபாடு குறைவு. பழுப்பேறி முற்றிய காயிலிருந்து விதை எடுக்க வேண்டும். கொதிக்கவைத்து அடுப்பிலிருந்து இறக்கிய நீரில் போட்டு ஓரிரவு ஊறவிடலாம். அல்லது மணலோடு சேர்த்துத் தேய்த்து உறையைச் சிராய்க்கலாம். ஆய்வகங்களில் கந்தக அமிலம் பயன்படுத்துவதுண்டு; வீட்டில் அது தேவையில்லை. பருத்து உப்பிய விதையே தண்ணீர் ஏறிய விதை.

இடத்திலேயே விதைப்பது முதல் தேர்வு. புரட்டாசிக் கடைசியில் மழையை எதிர்பார்த்து ஊன்றுவது இம்மாவட்டங்களுக்கு ஏற்றது. பையில் வளர்த்தால் உயரமான பை வேண்டும். வேர் அடியில் சுருளும் முன், இரண்டு மூன்று மாதத்திலேயே நட்டுவிட வேண்டும். கரிசலில் மேட்டுப்பாத்தி அமைத்து அதன்மேல் நடுவது கார்த்திகைத் தேக்கத்திலிருந்து காக்கும். வேலிக்கு ஒரு மீட்டர், தனிப் புதருக்கு இரண்டு மீட்டர் இடைவெளி. முதல் கோடையில் மட்டும் வாரம் ஒருமுறை ஆழமாகத் தண்ணீர், அதன்பின் நிறுத்திவிடலாம். எரு மிகுந்தால் இலை கொழுத்துப் பூ குறையும் அபாயம் உண்டு.

கத்தரிப்பில்தான் நோக்கம் குறுக்கிடுகிறது. ஆவாரை புதுத் தளிரின் நுனியிலும் அதன் மேல்கணுக்களிலும் பூக்கிறது. பூ வேண்டுவோர், பெரும்பூப்பு முடிந்ததும் கிளைகளை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, அடுத்த தளிருக்குக் காத்திருக்க வேண்டும். வேலியை மாதந்தோறும் சமமாகக் கத்தரித்தால் பச்சைச் சுவர் கிடைக்கும். மொட்டுகள் கத்தரியோடு போய்விடும். விதை வேண்டுவோர் சில கிளைகளையாவது தொடாமல் விட வேண்டும். இலையைத் தின்னும் பச்சைப் புழுக்களில் பல, வெளிர்மஞ்சள், வெண்பச்சை வண்ணத்துப்பூச்சிகளின் குஞ்சுகள். வேரூன்றிய புதர் அந்த இழப்பிலிருந்து துளிர்த்து மீளும். மருந்தடித்தால் காய் பிடிக்க உதவும் தேனீக்களும் சேர்ந்து மடியும். நாற்றுப் பருவத்தில் மட்டும் கையால் பொறுக்குவது போதுமானது.

மதிப்பீடு

ஐந்து நிலைப்பாடுகளையும் அருகருகே வைத்தால், ஆவாரைக்குப் பொதுவான ஒரே பராமரிப்பு முறை என்று ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை. பட்டைக்கு அடிவெட்டு, தழைக்கு அடிக்கடி கழிப்பு, பூவுக்குப் பூப்பு முடிந்தபின் அளவான கத்தரிப்பு, விதைக்கும் நிலமீட்புக்கும் கைவைக்காமை. ஒரு முறை இன்னொன்றின் பயனை ஓரளவேனும் பறிக்கிறது. தோட்டத்துக்கு வாங்குபவர் பழைய விவசாயக் குறிப்பைப் பார்த்து அடியோடு வெட்டினால் ஓராண்டுப் பூவை இழப்பார். மருந்துக்குப் பூ எடுப்பவர் காட்டுச்செடி என்று விட்டால் தூசிப் பூவைப் பெறுவார்.

வேறு சில கேள்விகளுக்கு இப்போதைக்கு உறுதியான பதில் சொல்வது கடினம். கரிசலில் தலைமுறைகளாக வளர்ந்த செடியின் விதையும் செம்மண் விதையும் வேறு மண்ணில் ஒரே மாதிரி நடந்துகொள்ளுமா? ஒரு புதரில் எத்தனை பங்கு பூவைப் பறித்தால் அடுத்த தலைமுறைக்கு விதை மிஞ்சும்? நடுத்திட்டின் வெப்பத்தையும் புகையையும் தங்க அரளி அளவுக்கு ஆவாரை தாங்குமா? இவை ஆய்வகத்தை விட நிலத்தில் விடை காணத்தக்கவை. வேப்பந்தட்டையில் பருத்தி ஆராய்ச்சி நிலையமும், வாலிகண்டபுரத்திலும் சோழமாதேவியிலும் வேளாண் அறிவியல் நிலையங்களும் இருக்கின்றன. மூவகை மண்ணிலும் ஒரே விதையை ஊன்றிச் சில ஆண்டுகள் குறிப்பெடுப்பது இத்தகைய நிறுவனங்களுக்குப் பெருஞ்செலவான வேலையாக இருக்காது.

அதுவரை, வெயிலும் இடமும் உள்ள தோட்டத்துக்கு ஆவாரை தகுந்த தேர்வு என்று சொல்லலாம். நட்டவுடன் பூ வேண்டும் என்பவருக்கு அது ஏமாற்றமளிக்கலாம். தங்க அரளியை நடுபவர் காய்கள் வெடிக்கும் முன் அவற்றைக் கத்தரிக்கும் பொறுப்பையும் சேர்த்தே ஏற்க வேண்டும். எந்தச் செடியானாலும், அதிலிருந்து எதை எடுக்கப்போகிறோம் என்று முடிவுசெய்த பின்னரே கத்தரியை எடுப்பது நல்லது.